விதியா? வியாபாரமா?



நம் ஜனங்களுக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் அதற்குத் தலைவிதி என்கின்ற ஒரே சமாதானம் தயாராக இருந்து வருகிறது. ரோடு குழியில் வண்டி கவிழ்ந்தாலும் விதி. ஆஸ்பத்திரியில் மருந்தில்லாமல் பிள்ளை செத்தாலும் விதி. இந்த ஒரு சொல் முதலாளிக்கும் சர்க்காருக்கும் எவ்வளவு லாபகரமானது என்பதைப் போபால் சங்கதியைக் கொண்டு யோசித்துப் பார்க்கும்படி வேண்டுகிறோம்.

1984-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி நடு இரவில், யூனியன் கார்பைடு கம்பெனியின் பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து சுமார் 40 டன் விஷவாயு கிளம்பி ஊருக்குள் பரவிற்று. குடிசைகளில் தூங்கிக் கொண்டிருந்த ஏழைகள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் கண்ணும் நுரையீரலும் கெட்டுப் போனார்கள்.

இது விதியா? அந்த விஷத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்க ஒரு யந்திரம் இருந்தது. செலவைச் சுருக்குவதற்காக அதை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். வெளிப்படும் வாயுவை எரித்துவிட ஒரு கோபுரம் இருந்தது; அதன் குழாய் கழற்றப்பட்டிருந்தது. 1981-லேயே அங்கு ஒரு தொழிலாளி விஷவாயுவுக்குப் பலியானார். ராஜ்குமார் கேஸ்வானி என்னும் பத்திரிகைக்காரர் 1982-ல் தமது சிறிய வாரப் பத்திரிகையில் எச்சரித்து எழுதினார். கம்பெனியும் செவி சாய்க்கவில்லை. சர்க்காரும் செவி சாய்க்கவில்லை.

எமகிங்கரர்கள் வந்தா குழாயைக் கழற்றினார்கள்? யந்திரத்தை நிறுத்தும்படி சித்திரகுப்தன் கணக்கிலா எழுதியிருந்தது? கம்பெனியின் செலவுக் கணக்கில் அல்லவா எழுதியிருந்தது!

சரி, சர்க்கார் என்ன செய்தது? கம்பெனித் தலைவர் வாரன் ஆண்டர்சன் போபாலுக்கு வந்தபோது கைது செய்யப்பட்டார். அன்றே ஜாமீனில் விடப்பட்டு, சர்க்கார் விமானத்திலேயே டில்லிக்கு அனுப்பப்பட்டார். அவர் 2014-ல் சாகும் வரை விசாரணைக்குத் திரும்பி வரவே இல்லை. 1985-ல் பாதிக்கப்பட்டவர்களுக்காக வழக்காடும் உரிமை தனக்கே உண்டென்று சர்க்கார் சட்டம் செய்துகொண்டது. 330 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டுவிட்டு, 1989-ல் 47 கோடி டாலருக்கு ராஜி செய்துகொண்டது. கண் போனவனை ஒரு வார்த்தை கேட்டார்களா? 2010-ல் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டு வருஷத் தண்டனை, அன்றே ஜாமீன். தொழிற்சாலையில் கிடந்த 337 டன் விஷக் குப்பையை அப்புறப்படுத்த 2025 ஜனவரி வரை, அதாவது 40 வருஷம் பிடித்தது.

ஆனால் தோழர்களே, இதில் இன்னொரு பாகமும் உண்டு. 1989 ராஜியில் கிரிமினல் வழக்குகளையும் சேர்த்தே புதைத்து விட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் விடாமல் போராடியதன் பேரில் 1991-ல் சுப்ரீம் கோர்ட்டு அவ்வழக்குகளுக்கு மறுபடியும் உயிர் கொடுத்தது. பெண்களும் கிழவர்களும் 2006-லும் 2008-லும் போபாலிலிருந்து டில்லிக்குக் கால்நடையாகவே போய்க் கேட்டார்கள். கிடைத்தது கொஞ்சமே. ஆயினும் அந்தக் கொஞ்சமும் கேட்டவர்களால் கிடைத்ததே தவிர, தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்களால் கிடைத்ததல்ல.

ஆகவே, உங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், ஆலைக் கழிவு வாய்க்காலில் கலந்தாலும், விதி என்று சொல்லி வாயை மூடிக் கொள்ளாதீர்கள். எந்த யந்திரம் நிறுத்தப்பட்டது? யார் கையெழுத்துப் போட்டார்? மிச்சமான பணம் யார் பைக்குப் போயிற்று? இந்த மூன்று கேள்விகளைக் கூட்டமாய்ச் சேர்ந்து கேளுங்கள். கேட்கத் துணிந்தவனே பிரஜை. மற்றவன் வெறும் தலைக்கணக்குத்தான்.