அடைத்த கதவுக்கு உள்ளே எத்தனை பேர்

நோர்மா கூரி என்பவர் எழுதிய ஒரு புத்தகம் 2003-இல் மேலை நாடுகளில் அமோகமாக விற்றது. ஜோர்டானில் ஒரு கிறிஸ்தவரைக் காதலித்த முஸ்லிம் பெண்ணை அவள் தந்தையே கொன்றார் என்று, தன் தோழியின் உண்மைக் கதையாக அதைச் சொல்லியிருந்தார். மறு ஆண்டே ஓர் ஆஸ்திரேலிய நாளிதழ் அது புனைவு என்று அம்பலப்படுத்தியது. அத்தனை பேரும் நம்பியது ஏன்? கொடிய தந்தை, வாயில்லாத மகள், தப்பிக்க மேற்கை விட்டால் வேறு கதியில்லை என்ற சித்திரம் அவர்கள் மனத்தில் முன்பே இருந்தது. புத்தகம் அதற்குத் தீனி போட்டது.

அதே 2004-இல், முஸ்லிம் பெண்களைப் பற்றியே, தமிழில் வந்தது சல்மாவின் நாவல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. சல்மா திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சிக்காரர். வயதுக்கு வந்ததும் படிப்பு நின்று வீட்டுக்குள் அடைபட்டவர். இந்த நாவலில் என்னை ஈர்ப்பது இதில் வரும் பெண்களின் கூட்டம். ஒருத்தி மாதிரி இன்னொருத்தி இல்லை. சிறுமி ராபியா வீட்டுக்குத் தெரியாமல் சினிமாவுக்குப் போகிறாள். பிர்தவ்ஸ், கட்டிவைத்தவனோடு வாழ மாட்டேன் என்று துணிந்து சொல்கிறாள்; பிறகு வேற்று மதத்தவனை விரும்புகிறாள். பெண்கள் கூடினால் ஆண்களைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் கூச்சமில்லாமல் பேசிச் சிரிக்கிறார்கள். காவல் காப்பவர்களிலும் பெண்கள் உண்டு. பெற்ற தாயே மகளுக்கு எமனாகிற இடமும் உண்டு. கொடுமைக்காரன், பலியானவள் என்று இரண்டே பெட்டியில் இவர்களை அடைக்க முடியுமா, சொல்லுங்கள்?

அப்படியென்றால் அடக்குமுறையே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு, சல்மா அதைப் பூசி மெழுகவில்லை. ஆனால் அடைபட்டவளுக்கும் ஆசை, சூழ்ச்சி, பிடிவாதம், பாவம் எல்லாம் இருக்கின்றன என்று காட்டுகிறார். லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் 2009-இல் நாவலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். 2013-இல் கிம் லாஞ்சினாட்டோ என்ற பிரிட்டிஷ் இயக்குநர் சல்மாவைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். நல்ல முயற்சிதான், ஆனாலும் அங்கே முன்னால் நிற்பது அடைபட்டு மீண்ட ஒருத்தியின் வாழ்க்கை. ராபியாவையும் பிர்தவ்ஸையும் சந்திக்க நாவலுக்குத்தான் போகவேண்டும்.

வெளியிலிருந்து யாராவது வந்து பேசவைக்கட்டும் என்று முஸ்லிம் பெண்கள் காத்திருந்ததும் இல்லை. வங்காளத்து எழுத்தாளர் ரொக்கேயா, பெண்கள் ஆளும் நாட்டைக் கற்பனை செய்த ‘சுல்தானாவின் கனவு’ கதையை 1905-இல் நம் சென்னைப் பத்திரிகை ஒன்றில்தான் வெளியிட்டார். நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் ‘காதலா கடமையா’ நாவல் 1938-இலேயே வந்துவிட்டது.

நம் திருப்பதி, சித்தூர்ப் பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், தெலுங்கில்தான் படிப்பார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் அவர்களை உட்காரவைத்து, சல்மாவின் பக்கங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டுவீர்கள் என்று நம்புகிறேன்.