எய்ட்ஸ் கொள்கையை வகுத்தவர்கள்



சர்வதேச ஸ்தாபனங்கள் வெளியிடும் கொள்கை அறிக்கைகளில் மனித முகம் எதுவும் தென்படுவதில்லை. "தீர்மானிக்கப்பட்டது", "வலியுறுத்தப்படுகிறது" என்று செயப்பாட்டு வினையிலேயே அவை பேசும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, தீர்மானித்தவர் யார், வலியுறுத்தியவர் யார் என்ற கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. எய்ட்ஸ் நோய் பற்றிய உலகக் கொள்கையைப் பொறுத்தவரை அக்கேள்விக்கு விடை உண்டு.

1983-ஆம் ஆண்டு ஜூன் மாதம். நோய்க்குக் காரணமான கிருமி இன்னதென்று உறுதிப்படாத காலம். மருந்தோ அறவே இல்லை. அமெரிக்காவில் டென்வர் நகரில் தன்பாலின ஈர்ப்பாளர்களின் உடல்நல மாநாடு ஒன்று கூடியிருந்தது. அதன் முடிவில், அந்நோய் கண்ட ஏறத்தாழ ஒரு டஜன் பேர் மேடையேறித் தம் அறிக்கையை வாசித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் செவிலியராகப் பணியாற்றிய பாபி கேம்ப்பெல், நியூயார்க் பாடகர் மைக்கேல் காலன் ஆகியோர் அவர்களுள் முக்கியமானவர்கள். எங்களைப் பலியானோர் என்று அழைக்காதீர்கள், நோயாளி என்ற சொல்லும் எப்போதும் பொருந்தாது, நாங்கள் எய்ட்ஸ் உள்ள மனிதர்கள் என்பது அவர்கள் கூற்று. எங்களைப் பற்றி முடிவெடுக்கும் சபைகளில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்றும் கேட்டார்கள். சாவை எதிரே வைத்துக்கொண்டு ஒரு சொல்லுக்காக வாதாடியது வீண் வேலையென்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அவ்விதம் தோன்றவில்லை. மறு ஆண்டே கேம்ப்பெல் காலமானார்.

அக்கோரிக்கையை அரசாங்கங்களின் செவிக்கு எட்டச் செய்தவர்களில் தலையாயவர் டாக்டர் ஜோனதன் மான். ஆப்பிரிக்காவில் கின்ஷாசா நகரில் இந்நோயை ஆராய்ந்த அவர், 1986-இல் ஜெனீவாவிலுள்ள உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு வந்தபோது, துணைக்கு ஒரே ஒரு காரியதரிசிதான். மறு ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் பேசிய அவர், நாம் காண்பது மூன்று கொள்ளைநோய்கள் என்றார்: ஓசையின்றிப் பரவும் கிருமி, பின்னர் வெளிப்படும் நோய், அவற்றைக் கண்டு சமூகம் கொள்ளும் வெறுப்பு. மூன்றாவதைத் தணிக்காமல் முதலிரண்டையும் தணிக்க இயலாது என்பது அவர் கருத்து. கிருமி இருப்பது தெரிந்ததும் ஒருவன் வேலையையும் வீட்டையும் இழப்பானாயின், அதைக் கண்ட அடுத்தவன் பரிசோதனைக்கே வரமாட்டான். ஆகவே மனித உரிமை என்பது கருணையின்பாற்பட்டது மட்டுமன்று. அதுவே சுகாதாரத்துக்கு வழியுமாகும். இதை எல்லாரும் ஏற்றுவிடவில்லை. கிருமியுற்ற அயல்நாட்டாரின் வருகைக்கு அமெரிக்கா 1987-இல் விதித்த தடை 2010 வரை நீடித்தது. தலைமை இயக்குநருடன் கருத்து வேற்றுமை கொண்டு 1990-இல் மான் பதவி விலகினார். 1998-இல் மனைவியுடன் ஒரு விமான விபத்தில் மாண்டார்.

நம் நாட்டுக்கு வருவோம். 1986-இல் சென்னையில் டாக்டர் சுநீதி சாலமனும் மாணவி நிர்மலாவும் இக்கிருமி இந்தியாவிலும் உண்டென முதன்முதலில் கண்டறிந்தார்கள். மூன்றாண்டுகள் கழித்து, கோவாவில் ரத்ததானம் செய்துவந்த டொமினிக் டிசௌசா என்ற இளைஞரைக் காவலர் அழைத்துச் சென்று, கைவிடப்பட்டிருந்த காசநோய் விடுதியொன்றில் 64 நாட்கள் தனியே அடைத்து வைத்தார்கள். அவர் ரத்தத்தில் கிருமி இருந்தது. வேறு குற்றம் ஏதுமில்லை. அன்னையார் பம்பாய் உயர்நீதிமன்றத்தை அணுகினார்; அடைத்துவைக்க இடந்தந்த சட்டம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. டிசௌசா சோர்ந்துவிடவில்லை. தம்மைப் போன்றோருக்காக ஒரு சங்கம் நிறுவிவிட்டு 1992-இல் மறைந்தார். அவ்வழக்கில் வாதாடிய வழக்கறிஞர் ஆனந்த் குரோவர் பின்னாளில் ஐக்கிய நாடுகளின் சுகாதார உரிமைச் சிறப்பு அறிக்கையாளராக இருந்தார். அவருடைய 'லாயர்ஸ் கலெக்டிவ்' குழுவே புதிய சட்டத்துக்கான நகலையும் தயாரித்தது.

1994-இல் பாரிஸில் கூடிய 42 நாடுகள், டென்வரில் கேட்டதைப் பெரிதும் ஒப்புக்கொண்டன. 1996-இல் செயற்படத் தொடங்கிய ஐக்கிய நாடுகள் எய்ட்ஸ் திட்டத்தின் நிர்வாக சபையில் அரசு சாராத அமைப்புகளின் பிரதிநிதிகள் ஐவருக்கு இடம் தரப்பட்டது. அவர்களுக்கு வாக்குரிமை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தியச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. வெளிமாநிலங்களில் வாடகை வீட்டில் குடியிருந்து பணிபுரியும் நம்மவர் இதை அறிந்திருப்பது நலம். கிருமி உள்ளதென்ற காரணத்தால் ஒருவரை வேலையிலிருந்து நியாயமின்றி நீக்கவோ, அவருக்கு வீடு மறுக்கவோ கூடாது. நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடத்தில் புகார் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். ஊர் மாறிச் செல்பவர் தம் இலவச சிகிச்சையையும் புதிய ஊரின் மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் விவரம் கேட்கலாம். அச்சட்டம் இவர்களைப் "பாதுகாக்கப்பட்ட நபர்" என்று அழைக்கிறது. உடன் வாழும் குடும்பத்தாரும் அச்சொல்லில் அடங்குவர்.