கைகாட்டி தீர்ப்பன்று



கோவண்டி வாழ் தமிழராகிய நாம், குழந்தை பேசத் தாமதித்தால், தமிழும் இந்தியும் மராத்தியும் ஒருங்கே காதில் விழுவதே காரணம் என்று ஆறுதல் கொள்கிறோம். பல மொழி கேட்பது ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் அச்சமாதானம் அதை மறைத்துவிடக்கூடும்.

இன்று கைப்பேசியிலேயே 'எம்-சாட்-ஆர்' வினாத்தாள் கிடைக்கிறது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு 20 வினாக்கள்: பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, விரல் சுட்டிக் காட்டுகிறதா என்பன போன்றவை. மதிப்பெண் 3 முதல் 7 எனில் மறுவிசாரணை வேண்டும். 8 அல்லது மேற்பட்டால் தாமதியாது மருத்துவரை நாட வேண்டும். ஆயினும் அது கைகாட்டியே, தீர்ப்பன்று. மிகுதி கண்டு கலங்குவதும், குறைவு கண்டு ஐயத்தைப் புதைப்பதும் தகா.

அயலார் பேச்சுக்கு அஞ்சி ஒளிக்காது, குழந்தைநல மருத்துவரிடம் செல்வோமாக. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளது. காலத்தே தொடங்கும் பயிற்சியே நம் மழலைகளுக்கு நாம் தேடித் தரும் செல்வம்.