அளவுகோலுக்கும் அளவு வேண்டும்



தராசின் அருமையை அறியாத வீடு மலைநாட்டுத் தோட்டங்களில் ஒன்றேனும் இராது. மலையேறிக் கொய்த கொழுந்தைச் சுமந்து வந்து நிறுவைக்கு நிற்கும் தாய்மாருக்கு, தராசு காட்டும் எண்ணே அன்றைய ஊதியம். அது ஒரு கிலோ குறைத்துக் காட்டினால் முழுப்பேர் அரைப்பேராகிவிடவுங் கூடும். ஆகையால் நிறுவைக்கு முன் இரண்டு சோதனைகள் வேண்டும். வெறுந்தராசு பூச்சியத்தில் நிற்கின்றதா என்பது ஒன்று. எடை தெரிந்த படிக்கல்லை இட்டால் சரியான எண்ணைக் காட்டுகின்றதா என்பது மற்றொன்று.

இவ்விரு சோதனைகளும் வான்வெளியிலும் நடைபெறுகின்றன என்றால் வியப்படைவீர்கள்.

நிலமும் கடலும் மேகமும் தத்தம் வெப்பநிலைக்கும் தன்மைக்கும் ஏற்ப, கண்ணுக்குப் புலனாகாத நுண்ணலைகளை ஓயாது வீசுகின்றன. அவற்றைச் செய்மதியிலிருந்து அளக்கும் கருவியே நுண்ணலைக் கதிர்வீச்சுமானி. 1979 ஜூன் 7 இல் விண்ணேறிய இந்தியாவின் பாஸ்கரா-1 செய்மதியில் அத்தகைய கருவி இருந்தது. 2011 ஒக்டோபர் 12 இல் இந்தியாவும் பிரான்சும் கூட்டாக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய மேகா-ட்ரொபிக்ஸ், நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளின் மழையையும் காற்றின் ஈரத்தையும் ஆராய்வதற்கென்றே அமைந்தது. 2023 மார்ச் 7 இல் அது வளிமண்டலத்துள் இறக்கப்பட்டு அழிந்தது.

இக்கருவி வெப்பநிலையை நேரே கூறுவதில்லை. வெறும் எண்ணொன்றையே தருகின்றது. அதற்குப் பொருள் காண இரண்டு படிக்கற்கள் உண்டு. ஒன்று, செய்மதியிலேயே பொருத்திய கரும்பொருள். அதன் வெப்பநிலை ஏறக்குறைய 300 கெல்வின் என்க. மற்றொன்று வெறும் விண்வெளி, அது 2.7 கெல்வின். எளிமைக்காக 3 எனக் கொள்வோம். விண்வெளியை நோக்கும்போது கருவி 130 என்றும், கரும்பொருளை நோக்கும்போது 3,100 என்றும் காட்டினால், 297 கெல்வினுக்கு 2,970 எண்கள். அஃதாவது கெல்வின் ஒன்றுக்குப் பத்து. மேகமொன்றை நோக்கும்போது 2,610 காட்டினால், அதன் கணக்கு 251 கெல்வின்.

ஆயினும் கருவியினுள்ளே உள்ள பெருக்கியின் திறன் சூட்டாலும் குளிராலும் மாறுபடும். நூற்றில் ஒரு பங்கு குறைந்தாலும் நமது விடை ஏறத்தாழ இரண்டரைக் கெல்வின் பிழைக்கும். எனவேதான் கருவி பூமியைப் பார்க்கும் இடைவேளைகளிலெல்லாம் மீண்டும் மீண்டும் அவ்விரு படிக்கற்களையும் பார்த்துக்கொள்கின்றது. நேற்றுச் சரியாயிருந்த தராசு இன்றும் சரியாயிருக்கும் என்று அது நம்புவதில்லை.

இத்துணைக் கவனம் எதற்கு? 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதையுண்டதை நாம் மறக்கவில்லை. மண்சரிவு எச்சரிக்கைக்கு மழையின் அளவே முதன்மையான ஆதாரம். ஆனால் மலைநாட்டு மழையை விண்ணிலிருந்து அளப்பது எளிதன்று. கடலின் நுண்ணலை வீச்சு குறைவு; ஆதலால் அதன்மேற் பெய்யும் மழை தெளிவாய்த் தோன்றும். நிலமோ தானே மிகுதியாக வீசுவதால் மழையின் குரல் அதனுள் அமிழ்ந்துவிடும். மேலும் செய்மதி ஒரே புள்ளியாகக் காண்பது பல கிலோமீற்றர் அகலமான பரப்பு. அட்டனில் கொட்டும் மழை அடுத்த பள்ளத்தாக்கில் தூறலாயிருக்கலாம். செய்மதிக்கு இரண்டும் ஒன்றே.

ஆகையால் தோட்டத்து மழைமானியும் ஒருவகைப் படிக்கல்லேயாகும். விண்ணிலிருந்து வரும் கணக்கை மண்ணிலே சரிபார்ப்பது அதுவே. மரநிழலில் வைத்த மானியும், பார்க்காமலே புத்தகத்தில் எழுதிய எண்ணும் விஞ்ஞானத்தை மட்டுமல்ல, மலையடிவாரத்தில் உறங்குவோரையும் ஏமாற்றும்.

மலைநாட்டு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடசாலை முற்றத்தில், கட்டடத்துக்கும் மரத்துக்கும் எட்டத் தள்ளி ஒரு மழைமானி வையுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் மாணவரைக் கொண்டு அளந்தெழுதுங்கள். மாதம் ஒருமுறை, அளவறிந்த நீரை ஊற்றி மானியையும் சோதியுங்கள். கொழுந்துத் தராசைச் சோதித்துப் பார்க்கக் கேட்கும் துணிவும் அப்பிள்ளைகளுக்கு அதனால் வரும்.