பாய்ந்த நீர் வடிய வேண்டும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

நாம் உழவர் அல்லோம். ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்ப்போர். ஆயினும், இக்காலனியில் பலருக்கு ஊரில் இரண்டொரு மா நிலமேனும் உண்டு. பிழைப்புக்காக வந்து தங்கிய இந்த ஹரியானா மண், அந்நிலத்திற்கு வேண்டிய பாடம் ஒன்றை வைத்திருக்கின்றது. அதனையே இன்று கூற விழைகின்றோம்.

நீர் வந்துவிட்டால் நிலம் விளையும் என்பர். அது பாதி உண்மையே. மேற்கு யமுனைக் கால்வாய் பாய்ந்த கர்னால் வட்டாரத்தில், முனாக் என்னும் ஊரார் 1855-ஆம் ஆண்டிலேயே, வயல்களில் உப்புப் பூத்துவிட்டதென்று முறையிட்டனர். நீர் இல்லாமையால் வந்த கேடன்று அது. நீர் மிகுந்தமையால் வந்த கேடு. 1954-இல் பக்ரா கால்வாய்கள் திறக்கப்பட்டபின் ஹிசார், சிர்சா பக்கத்துத் தாழ்நிலங்களிலும் இக்கதை தொடர்ந்தது.

காரணம் எளிது. கால்வாயில் கசியும் நீரும், வயலில் மிகையாகப் பாய்ச்சும் நீரும் வடிய வழியின்றி நின்றால் நிலத்தடி நீர்மட்டம் உயரும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் மண் அந்நீரை மேலே இழுக்கும். வெயிலில் நீர் ஆவியாக, உப்பு தங்கிவிடும்.

இத்தகைய நிலத்தை உவர் என்றும் களர் என்றும் தமிழில் பிரித்துச் சொல்கின்றோம். மருந்தும் வேறு வேறே. உவர் நிலத்தில் நல்ல நீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து, வடிகால் வழியே வெளியேற்ற வேண்டும். களர் நிலத்திலோ சோடியம் மண் துகளைப் பற்றிக்கொண்டு, நீரை உள்ளே இறங்கவிடாது. ஜிப்சம் இட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கும். விடுபட்ட சோடியம் நீரோடு கீழிறங்கும். 1969-இல் தொடங்கிக் கர்னாலில் இயங்கும் மத்திய மண் உவர் ஆராய்ச்சி நிலையம் இம்முறையைப் பரப்பியது. ஹெக்டேருக்கு 10 முதல் 15 டன் ஜிப்சம் இட்டு, நெல்லும் கோதுமையும் மாற்றிப் பயிரிட்டு, இடையே தக்கைப்பூண்டை மடக்கி உழுது, புல்லும் முளையாத நிலங்களை உழவர் மீட்டனர்.

அடுத்து, மண்ணின் வரவு செலவு. எழுத்தர்களாகிய நமக்கு இக்கணக்கு விளங்காதா? ஒரு டன் நெல் விளைய, பயிர் ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்கின்றது. மணிச்சத்து, சாம்பல் சத்து, துத்தநாகம் ஆகியவையும் உடன் செல்கின்றன. சரக்கு ரயிலில் தானிய மூட்டைகள் போகின்றன. யூரியா மூட்டைகள் வருகின்றன. போவது பல சத்து. வருவது ஒரு சத்து! 1966-இல் பந்த்நகரில் நேனே என்னும் அறிஞர், நெல்லைத் தாக்கிய கைரா நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணம் எனக் காட்டினார். சிறிதளவே வேண்டிய சத்தாயினும், அது இல்லையேல் பயிர் குன்றும். போதாக்குறைக்கு வைக்கோலையும் எரித்தால், தழைச்சத்தும் மக்கி எருவாக வேண்டிய பொருளும் புகையாய்ப் போகின்றன.

அன்பர்களே! நம் ஊர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு ஆண்டுக்கொருமுறை நெல்லோ பணமோ பெறுகின்றோம். குத்தகைக்காரர் ஓராண்டு விளைச்சலைப் பார்ப்பார். மண்ணின் நாளையை நாம்தாம் பார்க்க வேண்டும். வாய்க்கால் தூர்வாரக் குரல் கொடுப்போர் பலர். வடிகால் தூர்வாரக் கேட்போர் சிலரே. இவ்விடுமுறையில் ஊர் செல்வோர், அறுவடை முடிந்த வயலில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்து மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, அரைக்கிலோவை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து வாருங்கள். வடிகாலையும் ஒருமுறை நடந்து பாருங்கள். நம் மக்கள் என்றேனும் ஊர் திரும்பினால், அவர்கள் கால் வைக்கும் மண் உயிருள்ள மண்ணாக இருக்கட்டும்.