பக்கத்துக் குரலின் சுருதி



பள்ளிப் பிள்ளைகள் ஒன்றுகூடிப் பாடுவதனால் அவர்கள் மனத்துக்கு விளையும் நன்மையைப் பற்றிப் பேசுமாறு இவ்வறக்கட்டளையின் பெரியோர்களாகிய நீங்கள் என்னைப் பணித்திருக்கிறீர்கள். பொருள் விரிந்தது, ஆதலால் அதனை ஒரு தேசத்திலும் ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பிலும் வைத்துப் பார்ப்பதே உசிதம் என்று கருதி, ஹங்கேரி நாட்டு இசைமேதை சோல்தான் கோடாயின் பணியை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

1882-ஆம் ஆண்டில் கெச்கெமேத் என்னும் ஊரில், ரயில்வே ஊழியர் ஒருவரின் புதல்வராகப் பிறந்த கோடாய், இளமையில் தம் நண்பர் பேலா பார்டோக்கைப் போலவே, மெழுகு உருளையில் குரலைப் பதியும் கருவியுடன் கிராமம் கிராமமாகச் சென்று, குடியானவர்களின் பாட்டுக்களை அவர்கள் வாயிலிருந்தே கேட்டுத் திரட்டியவர். புடா, பெஸ்ட் என்னும் இரு நகரங்களும் ஒன்றானதன் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கென 1923-இல் அவர் இயற்றிய பெருங்கிருதி அவருக்கு உலகப் புகழை ஈட்டித் தந்தது. அத்தகைய கீர்த்தி வாய்த்த ஒருவர் அரங்குகளின் ஆரவாரத்தோடு திருப்தியுற்று அமைந்துவிடாமல், 1925 முதல் பாலர் குழுக்களுக்கெனப் பாட்டு இயற்றுவதையும், அவர்கள் பாடக் கற்கும் முறையை வகுப்பதையும் தம் தலையாய கடமையாக ஏற்றுக்கொண்டார். தலைநகரத்து நாடக சங்கீத சபைக்கு யார் தலைவர் என்பதைக் காட்டிலும், எங்கோ ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் உபாத்தியாயர் யார் என்பதே முக்கியமானது என்று 1929-இல் அவர் வாதித்தார். தலைவர் தவறினால் அத்தவறு அவரோடு போகும், உபாத்தியாயர் தவறினாலோ தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இசையையே வெறுத்துவிடுவார்கள் என்பது அவர் துணிபு.

அவர் வகுத்த முறையில் நமக்கு அந்நியமானது மிகக் குறைவு. ஹங்கேரியின் பழைய நாட்டுப்பாடல்களிற் பல ஐந்து ஸ்வரங்களால் ஆனவை. நம் செவிக்கு அவை சுத்த தன்யாசியை நினைவூட்டும். இங்கிலாந்தில் நார்விச் நகரத்து சாரா குளோவர் அம்மையார் தொடங்கி, ஜான் கர்வன் என்னும் பாதிரியார் விரிவாக்கி, கோடாய் தழுவிக்கொண்ட ஸ்வரப்பெயர் முறையில், முதல் ஸ்வரம் ஓரிடத்தில் நிலையாக நிற்பதில்லை. பாடுவோர் குரலுக்கு இசைய எங்கு வைத்தாலும் அதுவே ஆதாரமாகும். ஆதார ஷட்ஜத்தை அவரவர் கட்டைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளும் வழக்கமுடைய நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கைச்சைகை உண்டு; அதனால் வாத்தியம் எதுவுமின்றி, கையசைவைக் கண்டே ஒரு வகுப்பு முழுதும் பாடிவிடும்.

ஆனால் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது வேறொன்று. பியானோவைத் துணையாகக் கொண்டு பாடும் பிள்ளைக்குச் சுருதி ஒருநாளும் உள்ளே ஊன்றுவதில்லை என்று கோடாய் கருதினார். ஆகவே, இரண்டு குரல்கள் ஒரே சமயத்தில் வெவ்வேறு ஸ்வரங்களைப் பிடித்து, ஒன்றையொன்று கேட்டுச் சரிசெய்துகொள்ளும்படியான அப்பியாசங்களை 1941-இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அக்காலத்திலேயே இருகுரற் பாட்டுக்களை நான்கு தொகுதிகளாகவும் இயற்றினார். அந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளையின் குரலே தம்பூரா. தன் குரலை அடக்கிவிட்டால் மற்றவனுக்கு ஆதாரமில்லை. தன் குரலையே முழக்கினால் மற்றவன் குரல் தன் காதில் விழாது. தான் ஒலித்துக்கொண்டே பிறரைக் கேட்பதாகிய இந்தப் பயிற்சி, கணக்கு வகுப்பிலோ, ஒருவன் வெல்ல மற்றவன் தோற்கும் ஓட்டப் பந்தயத்திலோ கிடைக்கக்கூடியதன்று. தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணமே பதின்வயதின் மனச்சோர்வை ஆழமாக்குவது என்று நான் நம்புகிறேன். "நீ நிறுத்திவிட்டால் எனக்குச் சுருதி போய்விடும்" என்று பக்கத்தில் நிற்பவன் சொல்லாமலே உணர்த்துவதை விடச் சிறந்த மருந்து அதற்கு உண்டா?

கோடாய் பிறந்த அதே கெச்கெமேத்தில், 1950-இல் மார்த்தா நெமெஸ்ஸெகி என்னும் ஆசிரியை ஒரு பாட்டுப் பள்ளியைத் தொடங்கினார். எழுத்தையும் எண்ணையும் போலப் பாட்டும் அங்கே நாள்தோறும் வரும் பாடம். அறுபதுகளில் அந்நாட்டில் அவ்வகைப் பள்ளிகள் நூற்றுக்கு மேல் பெருகின.

சாஸ்திர ஆராய்ச்சியாளர்களும் கூடிப் பாடுவதன் பயனில் நாட்டம் கொண்டுள்ளனர். 2013-இல் சுவீடன் நாட்டுக் கோட்டன்பர்க் நகரத்தார் பதினெட்டு வயது மாணவர்களைக் கூட்டாகப் பாடச் செய்து, அவர்களுடைய இருதயத் துடிப்பை அளந்தார்கள். பாட்டின் அடி முடியுமிடத்தில் அனைவரும் ஒருங்கே மூச்சு வாங்க நேர்வதால், சுவாசத்தைத் தொடர்ந்து துடிப்பும் ஒருங்கே ஏறி இறங்கக் கண்டார்கள். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து ஆய்வொன்றில், சேர்ந்து பாடி ஆடிய நான்கு வயதுக் குழந்தைகள், பாட்டின்றி விளையாடிய குழந்தைகளைக் காட்டிலும் ஒருவருக்கொருவர் அதிகமாக உதவி செய்தார்கள். இவை சிறிய பரிசோதனைகள். இவற்றைக் கொண்டு பாட்டு எல்லாத் துயரையும் தீர்க்கும் என்று பறைசாற்றுவது முறையன்று. வீட்டில் பசியோ அடியோ உள்ள பிள்ளைக்கு முதலில் வேண்டுவது வேறு.

பாட்டுப் பாடினால் கணக்கில் மதிப்பெண் உயரும் என்று சிலர் பெற்றோரிடம் சொல்லி இசைக்கு இடம் தேடுகிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை மதிக்கிறேன், வாதத்தை ஏற்கேன். பிள்ளையின் மகிழ்ச்சி வேறொன்றுக்குக் கூலியாகக் காட்டப்பட வேண்டியதில்லை. அதைவிட எனக்கு வருத்தம் தருவது, ஆண்டு விழாவுக்கென நல்ல குரலுள்ள பத்துப் பேரைப் பொறுக்கி எடுத்து, மற்றவர்களை வாயை மட்டும் அசைக்கச் சொல்லும் வழக்கம். சுருதி சேராத பிள்ளையை நிலையான குரலுடைய இருவருக்கு நடுவில் நிறுத்தி, மாதக்கணக்கில் பொறுமையோடு காத்திருக்கும் ஆசிரியரே எனக்கு இலட்சிய ஆசிரியர். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காது மெல்ல மெல்லத் திறக்கவே செய்கிறது.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. கோடாயின் முறைக்கு வேண்டியவை ஒரு சுருதிக் கவை, தாய்மொழிப் பாட்டுக்கள் சில, இரண்டு கைகள் ஆகியவையே. அரிதாயிருப்பது ஆசிரியர் பயிற்சி ஒன்றுதான். அவருடைய சகாவான யெனோ ஆதாம் 1944-இல் பாட்டுக் கற்பிக்கும் முறைபற்றி எழுதிய நூல், வித்துவான்களுக்கன்றிப் பள்ளி ஆசிரியர்களுக்கென்றே எழுதப்பட்டது. இவ்வறக்கட்டளையின் வருவாயில் ஒரு பகுதியையேனும், ஆண்டுதோறும் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சிலருக்குக் கோடை விடுமுறையில் இருகுரற் பாட்டும் கைச்சைகையும் பயிற்றுவிக்கச் செலவிட வேண்டுமென்று நிர்வாகிகளை வேண்டிக்கொள்கிறேன்.