கண்டதைக் குறித்து வைப்போம்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



வேம்பு எப்பொழுது பூத்தது, ஈசல் எந்த மழைக்குப் புறப்பட்டது, பனி என்று இறங்கத் தொடங்கியது என்பனவற்றை உழவன் நாள்தோறும் காண்கிறான். ஆயினும் மறு ஆண்டு கேட்டால், "ஏறக்குறைய அந்தச் சமயந்தான்" என்ற விடையே கிடைக்கிறது. கண்டதைத் தேதியிட்டு எழுதி வைத்தால், ஒருவர் கண்டது ஊருக்கே உதவும்.

ஓர் உதாரணம் கூறுகிறேன். மானாவாரிக் கொல்லைகளில் மல்லாட்டைப் பயிரை அழிக்கும் சிவப்புக் கம்பளிப் புழுவைத் தாங்கள் அறிவீர்கள். அது வானத்திலிருந்து குதிப்பதன்று. சென்ற பருவத்துப் புழுவே வரப்போரத்திலும் மரநிழலிலும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக மாதக் கணக்கில் உறங்குகிறது. நல்ல மழை பெய்து மண் நனைந்த சில நாட்களில் அந்துப்பூச்சியாகி வெளிவந்து, இலைகளின் அடியில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது.

இப்பூச்சி இரவில் விளக்கை நாடும். தெருவிளக்கில் அதைக் கண்ட சிறுவன் ஒருவன் சொன்னாலும் போதும்; அன்றே ஊர் விழித்துக்கொள்ளலாம். அகன்ற பாத்திரத்தில் நீர் ஊற்றிச் சிறிது மண்ணெண்ணெய் கலந்து, அதன்மேல் விளக்கைத் தொங்கவிட்டால் பூச்சிகள் விழுந்து மடியும். ஆனால் ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. ஒரு கொல்லையைத் தின்று தீர்த்த புழுக்கூட்டம் அடுத்த கொல்லைக்குப் படையெடுக்கும். புழுவுக்குப் பட்டாவும் தெரியாது, சிட்டாவும் தெரியாது! எந்தப் பக்கம் சென்ற ஆண்டு புழு மிகுந்தது என்ற குறிப்பு இருப்பின், அங்கே கோடை உழவை முதலில் செய்யலாம். புரண்ட மண்ணில் கூட்டுப்புழுக்கள் வெயிலில் காயும். காக்கையும் மைனாவும் கொத்தித் தின்னும்.

மழையையும் அளந்து எழுதுங்கள். அடி தட்டையாகவும் பக்கம் நேராகவும் உள்ள பாத்திரமும் ஓர் அளவுகோலும் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 4,000 லிட்டர் நீராகும்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பும்போது, கரையின் வெளிப்புறத்தில் ஈரம் கசியும் இடத்தையும், நண்டு வளை, எலி வளைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் அவ்விடம் கண்ணுக்குப் புலப்படாது; குறிப்பு காட்டிக்கொடுக்கும். மார்கழியில் இரவு குளிர்ந்து, நெல் இலைகளில் பனிநீர் நெடுநேரம் தங்கினால், குலைநோய்ப் புள்ளிகள் உண்டா என்று வயலைச் சுற்றிப் பாருங்கள்.

ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டுகிறேன். தேதி, இடம், கண்டது, செய்தது என நான்கு கட்டங்கள் போதும். எழுதும் பொறுப்பைப் பள்ளி மாணவர்களுக்கும் கொடுக்கலாம். மே 1-ஆம் நாள் கிராம சபையில் அதைப் படித்தால் கோடை உழவுக்கும், அக்டோபர் 2-ஆம் நாள் படித்தால் ஏரிக்கரைப் பாதுகாப்புக்கும் உதவும். பெருஞ்செலவு இதில் இல்லை. ஒரு நோட்டும் ஒரு பென்சிலும், ஊரார் ஒற்றுமையுமே வேண்டும்.